மெத்தைக்காரரின் பெருவிரல்

தெருவில் எல்லோரும் அவரை மெத்தைக்காரர் என்றுதான் சொல்வார்கள். மெத்தை தைக்கிறவர் இல்லை, பஞ்சு அடைக்கிறவரும் இல்லை. மெத்தையில் படுத்துக் காட்டுகிறவர். அப்படியும் ஒரு வேலை உண்டா என்று வாயைப் பிளக்க வேண்டாம், உண்டு. வாங்க வருகிறவர்கள் கையால் அமுக்கிப் பார்ப்பார்களே தவிர, கடை நடுவில், நாலு பேர் பார்க்க, காலை நீட்டிப் படுக்கக் கூச்சப்படுவார்கள். முன்னால் ஒருவர் படுத்துவிட்டால் அந்தக் கூச்சம் போய்விடும். அந்த ஒருவர்தான் இவர்.

கடை இரண்டு தெரு சேருகிற முனையில் இருந்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே நுழைந்தால் புது ரப்பர் வாசனையும் புதுத்துணி வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறும். பதினான்கு மெத்தைகள் கட்டிலில் கிடக்கும். மீதியெல்லாம் சுவரோரம் சாய்ந்து நிற்கும், பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு நிறுத்தின பிள்ளைகள் மாதிரி.

ஆள் வந்ததும் மெத்தைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, காலுறையோடு போய் மெத்தை ஓரத்தில் உட்காருவார். உள்ளங்கையால் மூன்று தட்டு தட்டுவார். பிறகு மல்லாந்து படுப்பார். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைக்கச் சொல்லி இடப்பக்கம் ஒரு புரளல், வலப்பக்கம் ஒரு புரளல். "பாருங்க, இவ்வளவு பெரிய உடம்பு புரண்டுச்சு. தண்ணி ஆடுச்சா? ஆடலையே! உங்க வீட்டுக்காரர் ராத்திரி முழுக்க உருண்டாலும் உங்களுக்குத் தெரியாதும்மா." ஒரு நாளைக்கு நாற்பது தடவை படுப்பார். இருபத்தொரு வருடமாக இதே வேலை.

சேர்ந்த புதிதில் ஒரு நாள், மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், புதுசாகக் கல்யாணமான இரண்டு பேருக்குப் படுத்துக் காட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே தூங்கிப்போனார். குறட்டை வேறு. எழுப்ப மனமில்லாமல் அந்தப் பிள்ளைகள் இரண்டும் பூனை மாதிரி அடியெடுத்து வைத்து வெளியே போய்விட்டார்கள். மெத்தையும் வாங்கவில்லை. அப்போதிருந்த பெரிய முதலாளி முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பி, "படுத்துக் காட்டத்தான்யா உனக்குச் சம்பளம். தூங்கிக் காட்ட இல்லை!" என்று ஒரு பிடி பிடித்தார். அன்றோடு சரி. அதற்குப் பிறகு அவர் மெத்தைமேல் கண்ணயர்ந்ததே இல்லை. எப்படிச் சமாளித்தார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொன்னதில்லை.

அப்படிப்பட்ட மனிதருக்கு நாலு மாதமாகத் தூக்கம் இல்லை.

கேட்டால் சிரிப்புத்தான் வரும். அவருடைய மனைவியும் முதலில் சிரித்தாள். பிறகு அவர் கண்ணைப் பார்த்தாள். சிவந்து, கீழே கறுத்து, இரண்டு கிணறு மாதிரி உள்ளே போயிருந்தன. சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

ஒரு நாள் கடைக்கு முதுகுவலிக்காரர் ஒருவர் கையில் குடையோடு வந்தார். மெத்தைக்காரர் மெத்தையைப் பற்றிச் சொல்லச் சொல்ல, அந்த மனிதர் மெத்தையைப் பார்க்கவில்லை, இவர் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வீட்டுல நீங்க இதே மெத்தையிலதான் படுக்கறீங்களா?"

"ஆமாங்க, இதே மெத்தைதான்" என்று சொல்லும்போதே காதுவரை ஒரு கொட்டாவி வந்தது.

"அப்ப எனக்கு வேண்டாம்" என்று குடையை எடுத்துக்கொண்டு அவர் போயே போய்விட்டார்.

இப்போது கடையை நடத்துவது பெரிய முதலாளியின் மகன். இவரைவிட இருபது வயது சின்னவன். சின்ன வயதில் இதே மெத்தைகள்மேல் குதித்து விளையாடி இவரிடம் திட்டு வாங்கினவன். அதனால் அண்ணே என்றுதான் கூப்பிடுவான். ஆனால் முதலாளி முதலாளிதானே.

"அண்ணே, இங்க வாங்க. இது மூணாவது ஆளு. உங்க மூஞ்சியப் பாத்துட்டு ஓடறாங்க. அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கக்கிழமை நர்ஸ் விடுதி மேடம் வர்றாங்க. எண்பது மெத்தை. அவங்க முன்னால ஒரு கொட்டாவி விட்டீங்க, அன்னைக்கே குடோனுக்குப் போயிடுங்க. கடைப்பக்கம் வேண்டாம்."

குடோன் என்றால் மூன்று மாடி. மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படி ஏற வேண்டும், இறங்க வேண்டும். மெத்தைக்காரருக்கு ஐம்பத்திரண்டு வயது. இடது முழங்கால் இப்போதே பேருந்துப் படியில் ஏறும்போது கடக்கென்று பேசும். குடோனுக்குப் போனால் ஆறு மாதத்தில் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

"ரெண்டு வாரம் இருக்கு. நல்லாத் தூங்கிட்டு வாங்கண்ணே."

"தூங்கிட்டு வான்னா எப்படி முதலாளி? அது என்ன கடையில கிடைக்கிற சாமானா?"

"நம்ம கடையில அதைத்தானே விக்கறோம்?" என்றான் முதலாளி.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் தாயும் மகளும் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார்கள். மகள் கல்லூரியில் படிக்கிறவள். கைப்பேசியைப் பார்த்து, "நாலு எண்ணி மூச்சை இழுங்கப்பா, ஏழு எண்ணுற வரைக்கும் அடக்குங்க, எட்டு எண்ணி விடுங்க" என்றாள். அவர் நாலு என்று எண்ணினதும் நாலு அங்குல மெத்தை ஞாபகம் வந்தது. எட்டு என்றதும் எட்டு அங்குல மெத்தை. ஏழு அங்குலத்தில் மெத்தையே வராதே என்று அதையே கால் மணி நேரம் யோசித்துக்கொண்டு கிடந்தார். மறுநாள் மனைவி வெந்நீரில் காலை வைக்கச் சொன்னாள். கால் சுகமாக இருந்தது, கண் கொட்டக் கொட்ட விழித்திருந்தது. பாலைக் காய்ச்சிக் கொடுத்தாள். அதைக் குடித்துவிட்டு இரண்டு தடவை எழுந்து போய் வந்தார். சாப்பிட்டபின் தெருவில் நடந்தால் தூக்கம் வருமென்று மகள் கூட்டிக்கொண்டு போனாள். எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் மெத்தை விலை கேட்டார்கள், இவரும் ஒவ்வொருவருக்கும் நின்று விளக்கினார். போனபோது இருந்த அரைத்தூக்கமும் திரும்பி வரும்போது இல்லை.

இதெல்லாம் வீண் வேலை என்று சொல்லக் கூடாது. வெந்நீர் நல்லதுதான், பாலும் நல்லதுதான். ஆனால் முள் எங்கே குத்தியிருக்கிறது என்று பார்க்காமல் கால் முழுக்க மருந்து தடவினால் குத்தல் எப்படிப் போகும்? அந்த முள்ளைக் கண்டுபிடித்தது அவர் மனைவி. டாக்டர் இல்லை, கைப்பேசியும் இல்லை. இதை அழுத்தித்தான் சொல்ல வேண்டும்.

அவள் ஒரு சலவை நிலையத்தில் வேலை செய்கிறவள். ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வருகிற படுக்கை விரிப்புகளை உதறிப் பிரிப்பது அவள் பொறுப்பு. பதினாறு வருடமாக உதறி உதறி, விரிப்பைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள். நடுவில் ஒரே பெரிய சுருக்கம் இருந்தால் அடித்துப் போட்ட மாதிரி தூங்கின ஆள். தலைமாட்டில் மட்டும் கசங்கியிருந்தால் உட்கார்ந்துகொண்டே டிவி பார்த்த ஆள். ஓரத்தில் மட்டும் கசங்கியிருந்தால் புருஷனோடு சண்டை போட்டுவிட்டு ஓரமாகப் படுத்த ஆள். கூட வேலை செய்கிறவர்கள், "அக்கா, இந்த ரூம்காரர் எப்படி?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவள் சொன்னது தப்பினதே இல்லை.

அந்த முதல் வாரத்துச் சனிக்கிழமை காலையில் தன் வீட்டு விரிப்பை உதறப் போனவள் அப்படியே நின்றாள். அவர் படுத்த பக்கம், நடுவில் சுருக்கமே இல்லை, இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. கால்மாட்டில் மட்டும், துணி உலர்த்துகிற கிளிப் போட்டு எடுத்தது போல, இரண்டு சின்ன முடிச்சுச் சுருக்கம். இடது காலுக்கு ஒன்று, வலது காலுக்கு ஒன்று.

"என்னங்க, ராத்திரி கால்ல என்ன பண்றீங்க?"

"கால்ல என்ன பண்ணுவாங்க? கால் இருக்கற இடத்துல இருக்கு."

"இல்லையே. எதையோ பிடிச்சிருக்கீங்களே."

"காலால எதைடி பிடிக்கிறது? தூக்கம் கெட்டவன்கிட்ட வம்புக்கு வராதே."

அவள் விடவில்லை. அவருடைய காலுறைகளை எடுத்துப் பார்த்தாள். ஆறு ஜோடி. எல்லாவற்றிலும் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில்தான் தேய்ந்திருந்தது. இருபத்தொரு வருடமாக அந்த ஓட்டையைத் தைத்துத் தருகிறவள் அவள்தான். ஏன் எப்போதும் அதே இடம் என்று ஒரு நாள்கூட யோசிக்காமல் போனதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அன்றைக்கு அவர் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போயிருந்தார். அவளுக்கு அரைநாள்தான் வேலை. டப்பாவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்தபோது அவர் ஒரு குடும்பத்துக்குப் படுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு, கை காற்றில் பேசுகிறது, டம்ளர் தண்ணீர் ஆடாமல் நிற்கிறது. அவள் மேலே பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். காலுறைக்குள்ளே பெருவிரல் மடங்கி, அடுத்த விரலைக் கிடுக்கி மாதிரி நெருக்கிப் பிடித்திருந்தது. விரலோடு விரிப்பும் சிக்கியிருந்தது. அவர் எழுந்து நின்ற பிறகுதான் விரல் விட்டது. விரிப்பில் இரண்டு சின்ன முடிச்சுச் சுருக்கம்.

டப்பாவைக் கொடுக்காமலே வீடுவரைக்கும் திரும்பிப் போய்விட்டு, வாசலில்தான் ஞாபகம் வந்து, அரைமணி கழித்து மறுபடி வந்து கொடுத்தாள். அவ்வளவு யோசனை அவளுக்கு.

சாயங்காலம் அவர் வந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

"கடையில படுக்கும்போது தூக்கம் வராம இருக்க என்ன செய்வீங்க?"

"அதுவா? கால்விரலை இறுக்கிப்பேன். பெரிய முதலாளி தண்ணி தெளிச்ச அன்னைக்குக் கண்டுபிடிச்சது. விரல் இறுகினா கண் சொக்காது. நாற்பது தடவை படுத்தாலும் நாம முழிப்பா இருப்போம்" என்றார் பெருமையாக. பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தார். "ஏன்?"

"வீட்டுக்கு இந்த மெத்தை எப்ப வந்தது?"

வேலையில் இருபது வருடம் முடித்ததற்காகக் கடையில் கொடுத்த அன்பளிப்பு அது. கொஞ்சம் தாமதமாகக் கொடுத்தார்கள். அவர் தினமும் படுத்துக் காட்டுகிற அதே ரகம், அதே உயரம், அதே துணி. அதற்கு முன்னால் தரையில் ஒரு பழைய பஞ்சு மெத்தையைப் போட்டு, தலை வைத்ததும் தூங்கிக்கொண்டிருந்தவர்தான்.

"நாலு மாசம் இருக்கும்" என்றார். சொன்ன பிறகுதான் அவர் சொன்னதே அவர் காதில் விழுந்தது.

"நீங்க வீட்டுல தூங்கறதுக்குப் படுக்கலீங்க. விக்கறதுக்குப் படுக்கறீங்க. முதுகு மெத்தையில பட்டதும் உங்க காலு கடை திறந்துருச்சுன்னு நெனைச்சுக்குது."

மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்பா, நேத்து ராத்திரிகூட நீங்க படுக்குமுன்னால மூணு தட்டு தட்டினீங்க. நான் பாத்தேன்!"

மெத்தைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் என்றால் சும்மா இல்லை, எழுந்து நின்று பேசினார். நல்ல மெத்தைதான் நல்ல தூக்கம் என்று இருபத்தொரு வருடமாக ஊருக்கே சொல்லியிருக்கிறேன், கடையிலேயே உசந்த மெத்தையில் படுத்துக்கொண்டு தூக்கம் வரவில்லை என்று நானே சொன்னால் என் பேச்சுக்கு என்ன மரியாதை, சாப்பிடுகிற தட்டிலேயே மண்ணைப் போடுவதா என்றார்.

"மெத்தை மேல குத்தம் சொல்லலீங்க. அது தங்கமான மெத்தைதான். உங்க காலுக்குத்தான் அது ஆபீஸ்."

அன்று ராத்திரி அவர் வேண்டுமென்றே அதே மெத்தையில் படுத்து, விரலைத் தளர்த்தி வைத்துக்கொண்டு பார்த்தார். தளர்ந்த விரல் ஒரு நிமிடத்தில் தானாகப் போய் இறுகிக்கொண்டது. தளர்த்தினார். இறுகியது. விடியும்வரை அவருக்கும் விரலுக்கும் இழுபறி. காலையில், "முதலாளி காதுக்கு மட்டும் போகக் கூடாது" என்றார். அவ்வளவுதான், ஒப்புக்கொண்டுவிட்டார் என்று அர்த்தம்.

பழைய பஞ்சு மெத்தை எங்கே? புது மெத்தை வந்த அன்றே அதைக் குடியிருப்பின் வாட்ச்மேனுக்குக் கொடுத்திருந்தார்கள். மனைவி கீழே இறங்கிப் போய், கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறோமே என்று முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

அந்த ஆள் கையெடுத்துக் கும்பிட்டான். "தாராளமா எடுத்துட்டுப் போங்கம்மா! புண்ணியமாப் போகும். இதுல தலைய சாய்ச்சா எந்திரிக்கவே முடியலை. பகல்ல ஒரு மணி நேரம் படுக்கலாம்னு படுக்கறேன், சாயங்காலம் கேட் திறக்க ஆள் வந்து தட்டி எழுப்ப வேண்டியிருக்கு. இந்த மாசம் மூணு புகார்! இன்னும் ஒண்ணு வந்தா என் வேலையும் போச்சு."

ஒரு மெத்தை ஒருவரைத் தூங்க விடாமல் வேலைக்கு உலை வைக்க, இன்னொரு மெத்தை இன்னொருவரைத் தூங்க வைத்தே வேலைக்கு உலை வைத்திருக்கிறது. இரண்டு வீட்டுக் கஷ்டமும் ஒரே நடையில் தீர்ந்தது. வாட்ச்மேனே அதைத் தலையில் தூக்கி மாடியில் கொண்டுவந்து போட்டான்.

புது மெத்தை மகளுடைய அறைக்குப் போனது. பழையது தரைக்கு வந்தது. அதோடு விட்டுவிடுகிறவளா அவர் மனைவி? சட்டம் போட்டாள். கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள், மணி பார்த்துப் பார்த்துத்தான் பாதித் தூக்கம் கெடுகிறது என்றாள். பகலில் பேருந்தில்கூடக் கண்ணசரக் கூடாது. படுக்கையில் உட்கார்ந்து சாப்பிடுவது, செய்தித்தாள் விரிப்பது, கடை வியாபாரம் பேசுவது எதுவும் கிடையாது. படுத்துக் கொஞ்ச நேரத்தில் தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டு கிடக்காமல் எழுந்து சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து துணி மடிக்க வேண்டும், கண் சொக்கினால்தான் மறுபடி படுக்கைக்கு வரலாம். எவ்வளவு குறைவாகத் தூங்கினாலும் சரி, காலை ஆறு மணிக்கு எழுந்துவிட வேண்டும்.

"இது வீடா, ஜெயிலா?" என்றார்.

"ஜெயில்ல எல்லாரும் நல்லாத் தூங்குவாங்களாம்" என்றாள் அவள்.

முதல் நாள் வீட்டிலிருந்த துணியெல்லாம் மடித்து முடித்துவிட்டார். சலவை நிலையத்தில் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளலாம் போல அவ்வளவு நேர்த்தி. இரண்டாம் நாள் மூன்று சட்டை, ஒரு துண்டு. காலை ஆறு மணிக்கு அவள் தலையணையை உருவினபோது, "ஐயோ, இப்பத்தான் கண்ணை மூடினேன்" என்று கெஞ்சினார். அவள் மனம் இரங்கவில்லை. அதில்தான் இருக்கிறது விஷயம், இன்றைக்கு இரங்கினால் நாளைக்குத் தூக்கம் போகும். நாலாம் நாள் நாற்காலிக்கு ஒரே ஒரு தடவைதான் போனார். ஆறாம் நாள் காலையில் அவள் விரிப்பை உதறினபோது நடுவில் ஒரே ஒரு பெரிய சுருக்கம் இருந்தது. கால்மாட்டில் ஒன்றுமில்லை. அவள் அந்த விரிப்பை மடிக்காமல் மகளைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

திங்கட்கிழமை வந்தது. ஷேவிங் செய்துகொண்டு கண்ணாடியில் பார்த்தார். கண் கொஞ்சம் தெளிந்திருந்தது. கொட்டாவி வரவில்லை. ஓட்டையில்லாத காலுறையாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள் மனைவி.

விடுதி மேடம் உயரமானவர். இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்து, நடந்தால் அதுவும் கூட நடந்தது. மெத்தைக்காரர் தட்டினார், படுத்தார், புரண்டார். தண்ணீர் ஆடவில்லை. எல்லாம் நன்றாகத்தான் போனது. மேடம் எழுதிக்கொண்டே தலை நிமிராமல் கேட்டார்.

"நீங்க வீட்டுல எதுல படுக்கறீங்க?"

முதலாளி குறுக்கே பாய்ந்தான். "இதே மெத்தைதான் மேடம்! நானே அன்பளிப்பாக் குடுத்தேன்."

"நான் அவரைத்தான் கேட்டேன்."

மெத்தைக்காரர் மல்லாந்து படுத்தபடியே கூரையைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. எண்பது மெத்தை, குடோன் இல்லை, முழங்கால் பிழைத்தது. போன தடவை குடைக்காரரிடம் ஆமாம் என்றபோது அது உண்மை. இப்போது சொன்னால் பொய். காலுறைக்குள் பெருவிரல் வலிக்கிற அளவுக்கு இறுகியது. அந்த வலியில்தான் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"தரையிலம்மா. பழைய பஞ்சு மெத்தையில" என்றார்.

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. மேடம் பேனாவை மூடினார்.

"ஏன்? இது சரியில்லையா?"

"இது அருமையான மெத்தைம்மா. என் கால்தான் சரியில்லை" என்று எழுந்து உட்கார்ந்து, பெரிய முதலாளி தண்ணீர் தெளித்ததில் தொடங்கி, கிளிப் போட்ட சுருக்கம், ஓட்டைக் காலுறை, வாட்ச்மேன், ராத்திரி துணி மடித்தது வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டார்.

மேடம் நம்பவில்லை. "எங்கே, மறுபடி படுங்க. காலைக் காட்டுங்க" என்றார். படுத்தார். குனிந்து பார்த்தவர் சாவிக்கொத்து குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"என் பிள்ளைங்க ராத்திரி வேலை முடிச்சுட்டு வந்து பகல்ல தூங்கணும். தூக்கமே வரலை, மெத்தை சரியில்லைங்கறாங்க. அஞ்சு வருஷத்துல ரெண்டு தடவை மாத்தியாச்சு."

"மெத்தை மேல உக்காந்து என்னம்மா செய்வாங்க?"

"என்ன செய்யலை? படிக்கிறது அங்க, சாப்பிடறது அங்க, வீட்டுக்கு போன் பேசி அழறதும் அங்கதான். ரூம்ல உக்கார வேற இடம் எது?"

"அப்ப ஆளுக்கு ஒரு நாற்காலி வாங்கிப் போடுங்கம்மா."

"நாங்க நாற்காலி விக்கலையேண்ணே" என்று முனகினான் முதலாளி.

"அப்ப மெத்தை வேண்டாங்கறீங்களா?" என்றார் மேடம்.

"குழி விழுந்திருந்தா கண்டிப்பா மாத்தணும். முதுகு போயிடும். குழி விழாததை மாத்தாதீங்க."

மேடம் விடுதிக்குப் போன் போட்டு எண்ணச் சொன்னார். எண்பதில் ஐம்பத்திரண்டில் குழி விழுந்திருந்தது. ஐம்பத்திரண்டுக்கு எழுதினார். "ஒரு கண்டிஷன். மெத்தையோட இவரும் வரணும். பிள்ளைங்க கிட்ட அந்த விரல் கதையச் சொல்லணும். நான் சொன்னா கேக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கண்ணாடிக் கதவு மூடியது. மெத்தைக்காரர் குனிந்து செருப்பைத் தேடினார்.

"குடோன் சாவி குடுங்க முதலாளி. கொட்டாவி விடலை, ஆனா இருபத்தெட்டு மெத்தைய விட்டுட்டேன்."

முதலாளி சாவியை எடுக்கவில்லை. எதிர்க்கட்டிலில் வந்து உட்கார்ந்தான். பிறகு யாராவது இருக்கிறார்களா என்று வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"அண்ணே, அந்தத் துணி மடிக்கிறதுன்னு சொன்னீங்களே, அது துணியாத்தான் இருக்கணுமா?"

மெத்தைக்காரர் நிமிர்ந்தார். அப்போதுதான் முதலாளியின் கண்ணைச் சரியாகப் பார்த்தார். அதுவும் சிவந்துதான் இருந்தது. தன் கொட்டாவியை மறைப்பதிலேயே இருந்தவருக்கு அடுத்தவன் கொட்டாவி தெரியாமல் போயிருக்கிறது.

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருஷமா. படுத்துக்கிட்டே போன்ல கடை கேமராவப் பாத்துட்டு இருப்பேன். ரெண்டு மணி, மூணு மணி ஆயிடும். கடையில மெத்தைங்க எல்லாம் நிம்மதியாத் தூங்குதுண்ணே. நான்தான் முழிச்சிருக்கேன்."

மெத்தைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சின்ன வயதில் மெத்தைமேல் குதித்தவனைத் திட்டின அதே குரலில் திட்டினார். "போனைக் கொண்டுபோய்ச் சமையலறையில வை. உன் கடையை யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. காலைல ஆறு மணிக்கு எந்திரி. உங்க வீட்டம்மாவைத் தலையணையை உருவச் சொல்லு."

"சரிண்ணே."

"இன்னொண்ணு. இனிமே நான் படுத்துக் காட்ட மாட்டேன். எனக்கு ஒரு நாற்காலி போடு. படுக்கறவங்க படுக்கட்டும், நான் பக்கத்துல உக்காந்து சொல்றேன்."

நாற்காலி மறுநாளே வந்தது. முதலில் வாங்க வருகிறவர்கள் கூச்சப்பட்டார்கள்தான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்துப் பேசினார். யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் ஒவ்வொருவராகக் காலை நீட்டினார்கள்.

ஒரு நாள் மத்தியானம் அந்தக் குடைக்கார முதுகுவலிக்காரர் மறுபடி வந்தார். மெத்தைக்காரர் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, குடையைக் கட்டில் காலில் சாய்த்து வைத்துப் படுத்தார். மெத்தைக்காரர் ஜன்னலைப் பார்த்தபடி பஞ்சைப் பற்றியும் ரப்பரைப் பற்றியும் சொல்லிக்கொண்டே போனார். பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தார். அந்த மனிதர் வாயைத் திறந்தபடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். கால்விரல் பத்தும் விரிந்து கிடந்தன.

உள்ளேயிருந்து முதலாளி எதையோ கேட்கக் குரலெடுத்தான். மெத்தைக்காரர் விரலை உதட்டில் வைத்துக் காட்டிவிட்டு, மின்விசிறியைக் குடைக்காரர் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு பூனை மாதிரி அடியெடுத்து வைத்து நாற்காலிக்குத் திரும்பினார்.